தலையெழுத்தா, ஏட்டெழுத்தா?

“எல்லாம் தலையெழுத்து!” என்கிறார்கள். பிறக்கும்போதே பிரமன் எழுதிவிட்டான், அழித்தெழுத ஆளில்லை என்கிறார்கள். பசி வந்தால் தலையெழுத்து. பிணி வந்தால் தலையெழுத்து. அடிமைப்பட்டுக் கிடந்தாலும் தலையெழுத்து! மண்டையோட்டில் தெரியும் கோடுகள், எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்திய இடங்களேயன்றி எழுத்துகள் அல்ல என்பதை உடற்கூறு பயிலும் மாணவன் நன்கறிவான். ஆகவே, அந்தக் கதையை நாம் நம்புவதில்லை.

ஆனால் தோழர்களே! இன்னார் வாழலாம், இன்னார் சாகவேண்டும் என்று எழுதிவைத்த எழுத்தொன்று முடிவு செய்த ஊர் உண்மையிலேயே இருந்தது. புராணமல்ல, புனைகதையுமல்ல, வரலாறு. அந்த எழுத்தை எழுதியவன் பிரமன் அல்லன். நகராட்சி அலுவலகத்து எழுத்தர். எழுதப்பட்ட இடம் மண்டையோடு அன்று; பேழையில் அகரவரிசைப்படி அடுக்கப்பட்டிருந்த அட்டை. ஊர் ஆம்ஸ்டர்டாம். நாடு நெதர்லாந்து. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை அமைத்து வாணிகம் நடத்தினார்களே டச்சுக்காரர்கள், அவர்களுடைய தாயகம்.

இன்று நகராட்சியின் ஏடுகள் அட்டையில் இல்லை, கணினியில் இருக்கின்றன. பிறப்பு, இறப்பு, வீட்டு வரி, உதவித்தொகை, தெருமுனையில் நிற்கும் காமிரா பதிந்த படம், எல்லாம் மின்னணுக் குறிகளாய் வந்து குவிகின்றன. “குடிமக்களின் மின்னணு உரிமை”, “அந்தரங்க உரிமை” என்றெல்லாம் உலகத்து நகர மன்றங்களில் இன்று பேசுகிறார்கள். இது படித்தவர்களின் பொழுதுபோக்குப் பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். அல்ல. அந்தப் பேச்சுக்குப் பின்னே பிணக்குவியல் இருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இளைஞர்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

* * *

தொடக்கத்தில் அந்த ஏடு தீயதன்று. ஒருவகையில், பகுத்தறிவாளர் வரவேற்கத்தக்க ஏடே அது.

பிறப்பையும் திருமணத்தையும் இறப்பையும் எழுதிவைக்கும் உரிமை ஐரோப்பாவில் நெடுங்காலம் மாதாகோவில் குருமார்களிடம் இருந்தது. ஞானமுழுக்குப் பெற்றவனுக்குப் பெயருண்டு. சபைக்குப் புறம்பானவன் கதி என்ன? பிரெஞ்சுப் புரட்சி இந்த நிலையை மாற்றிற்று. மனிதன் பிறந்ததற்குச் சான்று சொல்ல மதகுரு தேவையில்லை, மக்கள் மன்றமே போதும் என்றது. நெதர்லாந்து பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தபோது, 1811இல், அந்தப் பதிவு முறை அங்கும் நாடு முழுதும் புகுந்தது. பின்னர் 1850 முதல், ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குள் வாழும் அனைவரையும் பதிந்துவைக்கும் குடிமக்கள் பதிவேட்டைப் பேணத் தொடங்கிற்று.

நல்ல ஏற்பாடுதான். எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், எவருக்கு வாக்குரிமை உண்டு, எந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை — இவற்றை அறிய ஏடு வேண்டும். ஆனால் அந்த ஏட்டிலே ஒரு கட்டம் இருந்தது. “மதம்” என்ற கட்டம்! குருவின் கையிலிருந்து ஏட்டை வாங்கினார்கள். குருவின் கேள்வியை மட்டும் ஏட்டிலேயே விட்டுவைத்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன கேடு என்று எண்ணியிருப்பார்கள். எண்பது தொண்ணூறு ஆண்டுகள் அந்தக் கட்டத்தால் கேடு விளையவுமில்லை. பாம்பு உறங்கிற்று, பாம்பே இல்லையென்று கொண்டனர்.

1936இல் அந்த ஏட்டைச் செப்பனிட ஒருவர் வந்தார். யாக்கோப் லெண்ட்ஸ் என்பது பெயர். நாட்டின் குடிமக்கள் பதிவேடுகளை மேற்பார்க்கும் அலுவலகத்தின் தலைவர். கொடியவர் என்றோ, இனவெறி தலைக்கேறியவர் என்றோ அவரை வரலாற்றாசிரியர்கள் தீட்டவில்லை. உழைப்பாளி, தொழிலில் பழுது பொறுக்காதவர், பதிவு முறையைக் கலையாகவே கொண்டாடியவர் என்கிறார்கள். குடும்பத்துக்கோர் அட்டை என்றிருந்ததை மாற்றி, ஆளுக்கோர் அட்டை என்று ஆக்கினார். ஒருவன் ஊர் விட்டு ஊர் சென்றால், அவன் அட்டையும் ஒரு நகராட்சியிலிருந்து மறு நகராட்சிக்குச் செல்லும். நிழலாவது இருளில் மறையும், அட்டை மறையாது. தொட்டிலிலிருந்து இடுகாடுவரை தொடரும். பெயர், பிறந்த நாள், பெற்றோர், தொழில், முகவரி. மதமும் அதில் உண்டு.

புகைப்படமும் கைநாட்டும் கொண்ட அடையாள அட்டை ஒன்றையும் லெண்ட்ஸ் திட்டமிட்டார். அதை எல்லோரும் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டுமென்றார். போருக்கு முன்பிருந்த டச்சு அரசு அதை ஏற்கவில்லை. குற்றமற்ற குடிமகனைக் குற்றவாளிபோல் நடத்துவது எம் நாட்டு மரபன்று என்று மறுத்துவிட்டது. அறிவான மறுப்பு! ஆனால், அந்த அறிவு அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. பதிவேட்டின் கட்டத்தை அது எட்டவில்லை.

1940 மே 10. இட்லரின் படைகள் நெதர்லாந்துக்குள் புகுந்தன. ஐந்தே நாளில் நாடு வீழ்ந்தது. அரசி இலண்டன் சென்றார். அமைச்சர்கள் இலண்டன் சென்றனர். ஏடு மட்டும் எங்கும் செல்லவில்லை. பேழையிலே, அகரவரிசையிலே, தூசு தட்டப்பட்டு, புதிய எசமானனுக்காகக் காத்திருந்தது!

* * *

பகைவன் வந்த பிறகு நடந்தவற்றைச் சற்று நிதானமாகவே பார்ப்போம். பாடம் அங்கேதான் இருக்கிறது.

முன்னாள் அரசு மறுத்த அடையாள அட்டையைப் புதிய ஆட்சி மகிழ்ச்சியோடு ஏற்றது. 1941 முதல் 15 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் அதைச் சுமந்தாக வேண்டும். போலி செய்வதற்கு மிக அரிதாக அதை லெண்ட்ஸ் வடிவமைத்திருந்தார். யூதர்களின் அட்டையில் ‘ஜே’ என்ற பெரிய எழுத்து பொறிக்கப்பட்டது. ஓரெழுத்து! ஒரே எழுத்து! பிரமன் எழுதியதாகச் சொல்லப்படும் எழுத்து எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. இந்த எழுத்தோ தெருவில் நிற்கும் காவலனுக்குத் தெரிந்தது.

1941 சனவரி 10ஆம் நாள் ஓர் ஆணை பிறந்தது. பாட்டன் பாட்டிமாருள் ஒருவரேனும் யூதராக இருந்தால், அவர் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எங்கே? படை முகாமிலா? அல்ல, அவரவர் ஊர் நகராட்சி அலுவலகத்தில்! பிள்ளையின் பிறப்பைப் பதிந்த அதே அலுவலகம். அறிமுகமான அதே எழுத்தர். ஏறத்தாழ 1,60,000 பேர் பதிந்துகொண்டனர். அவர்களுள் சுமார் 1,40,000 பேர் முழு யூதர் என்று வகுக்கப்பட்டனர். ஏன் பணிந்தார்கள் என்று இன்று கேட்பது எளிது. மறைத்துத்தான் என்ன பயன்? பழைய அட்டையில் மதம் எழுதப்பட்டிருக்கிறதே! பொய் சொன்னால் சொந்த ஊரின் ஏடே காட்டிக்கொடுக்குமே!

அவ்வாண்டு மே மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் நகராட்சியின் புள்ளிவிவர அலுவலகத்தில் ஒரு வரைபடம் தீட்டப்பட்டது. நகரின் தெருக்கள் வரையப்பட்டு, அவற்றின்மேல் கரும்புள்ளிகள் இடப்பட்டன. ஒரு புள்ளி என்றால் பத்து யூதர். குழந்தையும் கிழவரும், வைரம் தீட்டிய தொழிலாளியும் வண்டி தள்ளிய வறியவரும், பத்துப் பத்தாகப் புள்ளியாகிவிட்டனர்! எந்தத் தெருவில் வலையை வீசினால் எத்தனை பேர் அகப்படுவர் என்பதை ஒரு பார்வையில் சொல்லும் படம். அதைத் தீட்டியவர்கள் செருமானியப் படைவீரர்களா? அல்லர். நகராட்சியின் சம்பளம் வாங்கிய அலுவலர்கள். கோட்டைப் பிழையின்றி இழுத்திருப்பார்கள்; மையைச் சிந்தாமல் புள்ளி வைத்திருப்பார்கள்.

1942 சூலையில் இரயில்கள் புறப்படத் தொடங்கின. வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து கிழக்கே ஆஷ்விட்சுக்கும் சோபிபோருக்கும்! இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 1,07,000 பேர் ஏற்றிச்செல்லப்பட்டனர். திரும்பி வந்தோர் சுமார் 5,000. நெதர்லாந்து யூதரில் நான்கில் மூவர் மாண்டனர். அண்டை நாடான பெல்ஜியத்திலும் பிரான்சிலும் மாண்டோர் விகிதம் இதைவிடப் பெரிதும் குறைவு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஒன்றல்ல. ஆக்கிரமிப்பு ஆட்சியின் அமைப்பு, மறைந்துகொள்ள மலையும் காடுமற்ற தட்டை நிலம், அலுவலர்களின் பணிவு என்று வரலாற்றாசிரியர்கள் பல சொல்வர். ஆனால், எவர் எழுதும் பட்டியலிலும் ஒழுங்காகப் பேணப்பட்ட அந்தப் பதிவேடு இடம்பெறாமல் இருப்பதில்லை.

இவர்கள் மாண்டது தலையெழுத்தாலா? பிரமன் டச்சுக்காரனுக்கு ஒருவிதமாகவும் பிரெஞ்சுக்காரனுக்கு ஒருவிதமாகவும் எழுதினானா? எழுதியவர் எவர், எழுதிய ஆண்டெது, எழுதச் சொன்ன ஆணையெது, எல்லாம் நமக்குத் தெரிகிறதே!

* * *

“அந்தக் காலத்தில் வேறென்ன செய்திருக்க முடியும்? துப்பாக்கி முனையில் நகராட்சி என்ன செய்யும்?” என்று கேட்பார் உண்டு. விடை, எல்லைக்கு அப்பால் பெல்ஜியத்தில் கிடைக்கிறது.

1942இல் பெல்ஜியத்து யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டுமென ஆணை வந்தது. நட்சத்திரங்களை நகராட்சிகளே வழங்க வேண்டுமென்றனர் செருமானியர். பிரசல்சு நகர வட்டாரத்து நகரத் தலைவர்கள் கூடினர். மனித மாண்பைக் கெடுக்கும் இந்தச் செயலில் எங்கள் அலுவலகம் கைவைக்காது என்று எழுத்து மூலமாகவே மறுத்தனர். ஆன்ட்வெர்ப் நகராட்சியோ வழங்கிற்று. பின்னர் அந்நகரக் காவலர் யூதர்களைப் பிடித்துக்கொடுக்கவும் உதவினர். ஒரே நாடு, ஒரே பகைவன், ஒரே ஆண்டு. ஆனால், ஆன்ட்வெர்ப் யூதர்கள் பிரசல்சு யூதர்களைவிட மிகப்பெரும் விகிதத்தில் அழிந்தனர். நகராட்சி என்பது மேலிடத்து ஆணைக்குத் தலையாட்டும் பொம்மையல்ல. ‘மாட்டேன்’ என்று சொல்லும் வாய் அதற்கும் உண்டு. அந்த வாய் திறந்தால் உயிர்கள் பிழைக்கின்றன.

ஆம்ஸ்டர்டாமிலும் வீரம் செத்துவிடவில்லை. 1941 பிப்ரவரியில் யூத இளைஞர்களை வேட்டையாடிப் பிடித்தபோது பொதுவுடைமைத் தோழர்கள் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர். முன்நின்று மூட்டியவர்கள் சாலை செப்பனிடும் தொழிலாளி வில்லெம் கிரான், தெருக்கூட்டும் தொழிலாளி பீட் நாக். 25ஆம் நாள் டிராம் வண்டிகள் நின்றன, துறைமுகம் ஓய்ந்தது, நகரமே எழுந்தது. இரண்டு நாளில் துப்பாக்கி அதை அடக்கிற்று. ஆனாலும் எண்ணிப் பாருங்கள். நகராட்சியின் மேசையில் அமர்ந்தவர்கள் புள்ளி வைத்தார்கள். நகராட்சியின் துடைப்பம் ஏந்தியவர்கள் போர் தொடுத்தார்கள்! படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பிறகு, கலைஞர்கள் எழுந்தனர். சிற்பி கெரிட் வான் தெர் வேன், ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரோன்டேயுஸ், அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்லெம் சாண்ட்பெர்க், இசைக்கலைஞர் பிரீடா பெலின்பாந்தே முதலியோர் போலி அடையாள அட்டைகள் செய்து, மறைந்து வாழ்ந்தோருக்கு வழங்கினர். ஆயின் ஓர் இடர். போலி அட்டையைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அட்டையை எத்தனை அழகாகப் பொய்யாக்கினாலும் ஏடு மெய் பேசிற்று. ஆகவே ஏட்டையே எரிப்பதென்று துணிந்தனர்.

1943 மார்ச் 27, இரவு. காவலர் உடையில் ஒரு சிறு குழு ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துள் நுழைந்தது. உடைகளைத் தைத்தவர் அவர்களுள் ஒருவரான தையற்கலைஞர் சூர்ட் பாக்கர். வாயிற்காவலர்களைக் கொல்லவில்லை, உடன்வந்த மருத்துவ மாணவர்கள் ஊசி மருந்தால் அவர்களை உறங்கவைத்தனர். பக்கத்து விலங்குக் காட்சிச் சாலையின் தோட்டத்தில் அவர்களைப் பாதுகாப்பாகக் கிடத்தினர். பேழைகளைத் திறந்தனர், அட்டைகளைத் தரையில் கொட்டினர், எரிநெய் ஊற்றி வெடிவைத்தனர். தீயணைப்புப் படை அசைந்தசைந்து வந்து, தீயை அணைப்பதாகச் சொல்லி, எரியாத அட்டைகளையும் நீரால் நனைத்துக் கெடுத்தது. அவர்களும் நகராட்சி ஊழியர்களே!

எவ்வளவு அழிந்தது தெரியுமா? ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து. அவ்வளவுதான். நெருக்கமாக அடுக்கப்பட்ட அட்டை எளிதில் எரிவதில்லை. அடையாள அட்டைகளின் மறுபடி வேறு ஹேக் நகரில் இருந்தது. காட்டிக்கொடுத்தவன் ஒருவன் இருந்தான். பன்னிருவரை 1943 சூலை 1ஆம் நாள் சுட்டுக் கொன்றனர். அரோன்டேயுஸ் அவர்களுள் ஒருவர். தம்மைப் போன்ற ஒருபால் விருப்பினர் கோழைகள் அல்லர் என்பதை உலகுக்குச் சொல்லுங்கள் என்பதே அவர் விட்டுச் சென்ற செய்தி. சமூகம் இழித்துரைத்த மனிதர், அந்தச் சமூகத்தின் மானத்தைக் காத்து மாண்டார். அன்று தப்பிய வான் தெர் வேனையும் 1944 சூனில் கொன்றனர்.

ஹேக் நகரில் இருந்த மறுபடி? அதை அழிக்க வானூர்திப் படையே வரவேண்டியிருந்தது. 1944 ஏப்ரல் 11இல் பிரிட்டிஷ் விமானங்கள் தாழப் பறந்து அந்தக் கட்டடத்தின்மேல் குண்டு வீசின. ஏடுகள் பல எரிந்தன. 60 பேருக்கு மேல் மாண்டனர், பெரும்பாலோர் அங்கே பணிபுரிந்தோர். அப்போதைக்குள் யூதர்களை ஏற்றிய இரயில்களில் பெரும்பாலானவை போய்விட்டிருந்தன.

தோழர்களே, இந்தக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். ஒரு கட்டத்தை ஏட்டில் எழுதாமல் விடுவதற்கு ஆகும் செலவு எவ்வளவு? சுழியம். எழுதிவிட்ட பிறகு அதை அழிப்பதற்கு ஆன செலவு? பன்னிரு வீரர்களின் உயிர், வெடிமருந்து, விமானப்படை, அறுபது பேர் சாவு. அப்படியும் அழிந்தது ஒரு பகுதியே! எழுதாத ஏட்டை எவனும் திருட முடியாது. இதுவே ஆம்ஸ்டர்டாம் தரும் பாடம்.

* * *

போர் முடிந்தது. லெண்ட்ஸ் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஏடு தொடர்ந்தது. ஆனால், நினைவும் தொடர்ந்தது.

1971இல் நெதர்லாந்து அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தியபோது எதிர்ப்புக் கிளம்பிற்று. விடை தர மறுத்தால் தண்டனை என்றது சட்டம். அப்படியும் பலர் மறுத்தனர். தாள் துளையிட்டுக் கணினியில் புகுத்தப்படும் காலம் அது. “இது நாளை எவர் கைக்குப் போகும்?” என்று கேட்டனர். நகைக்க முடியாத கேள்வி! 1981இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பை அரசு கைவிட்டது. அதன்பின் வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கும் பழைய முறை அங்கே நடக்கவேயில்லை. தனிமனிதர் பற்றிய பதிவுகளை நெறிப்படுத்தும் சட்டம் 1989இல் நடைமுறைக்கு வந்தது. 1994இல் நகராட்சிகளின் அட்டைகள் ஓய்வு பெற்றன. கணினிப் பதிவேடு வந்தது. அந்தப் புதிய ஏட்டில் மதம் என்ற கட்டம் இல்லை. 1811இல் குருவிடமிருந்து ஏட்டை வாங்கிய நாடு, குருவின் கேள்வியை நீக்க 183 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது!

அத்தோடு கதை முடிந்ததா? இல்லை. சோதிடன் புது உருவில் வந்தான்.

எழுதிவைப்பதோடு நில்லாமல், எழுதியவற்றைக் கூட்டிக் கழித்து, “இவன் நாளை தவறு செய்வான்” என்று குறிசொல்லும் பொறி வந்தது. அல்காரிதம் என்பது அதன் பெயர். 2014இல் நெதர்லாந்தில் ‘சிரி’ என்ற முறைக்குச் சட்டம் செய்தனர். வரி, வேலை, வீட்டுவசதி, உதவித்தொகை என்று பல அலுவலகங்களின் ஏடுகளை ஒன்றாய்ப் பிணைத்து, உதவித்தொகையில் மோசடி செய்யக்கூடியவர் யார் என்று அது கணிக்கும். எங்கே ஏவினர்? மாளிகை வீதியிலா? இல்லை, ஏழைகளும் குடியேறிகளும் நெருங்கி வாழும் வட்டாரங்களில். எந்த அடிப்படையில் குறி விழுந்தது என்பதை எவருக்கும் சொல்லவில்லை. சாதகத்தை எழுதியவனே அதை வாசிக்கவும் செய்வான், சாதகக்காரன் வாய்பொத்தி நிற்கவேண்டும்! அந்தரங்க உரிமைக் கழகங்களும் இரண்டு எழுத்தாளர்களும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் வழக்குமன்றம் சென்றனர். 2020 பிப்ரவரி 5ஆம் நாள் ஹேக் நீதிமன்றம், இந்தச் சட்டம் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8ஆம் பிரிவுக்கு முரண் என்று தீர்ப்பளித்தது.

ராட்டர்டாம் நகராட்சி தனக்கென ஒரு குறிசொல்லும் முறையை 2017 முதல் நடத்திற்று. வயது, பாலினம், டச்சு மொழியறிவு போன்ற முந்நூறுக்கும் மேற்பட்ட விவரங்களைச் சேர்த்து, உதவித்தொகை பெறுவோருள் எவரைத் துருவவேண்டும் என்று அது சொல்லிற்று. மொழி தெரியாமை குற்றத்தின் அறிகுறியாம்! கண்டனம் எழுந்தது, 2021இல் நிறுத்தினர். அதே ஆண்டுத் தொடக்கத்தில் நாட்டின் அமைச்சரவையே பதவி விலகிற்று. குழந்தை வளர்ப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களை மோசடிக்காரர் என்று தவறாக முத்திரை குத்தி வரித்துறை கடனில் ஆழ்த்தியதே காரணம். இரட்டைக் குடியுரிமை பற்றிய குறிப்பை 2014க்குப் பின் வைத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. ஆயினும் வரித்துறை அதை வைத்திருந்தது. தேவையற்ற கட்டம் ஒன்று மீண்டும் கொட்டிற்று! இம்முறை உயிர்க்கொலை முகாமில்லை. ஆனால் வீடிழந்தோரும் குடும்பம் சிதைந்தோரும் உண்டு. இரண்டையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. எழுதப்பட்ட எழுத்து, எழுதியவன் எண்ணாத வேலையைச் செய்கிறது என்பது மட்டும் இரண்டிலும் ஒன்று.

ஆனால், மறுபக்கமும் உண்டு. புள்ளி வைத்த அதே ஆம்ஸ்டர்டாம், 2018 நவம்பரில் பார்சலோனா, நியூயார்க் நகரங்களுடன் சேர்ந்து, மின்னணு உரிமைகளுக்கான நகரங்களின் கூட்டணியைத் தொடங்கிற்று. எல்லோருக்கும் இணையம், அந்தரங்கப் பாதுகாப்பு, அல்காரிதங்களில் வெளிப்படையும் பாகுபாடின்மையும், மக்கள் பங்கேற்பு, திறந்த, நெறிசார்ந்த சேவை — இவை அதன் ஐந்து கொள்கைகள். ஐம்பதுக்கும் மேற்பட்ட நகரங்கள் பின்னர்ச் சேர்ந்தன. 2020இல் ஆம்ஸ்டர்டாமும் ஹெல்சிங்கியும், நகராட்சி எந்தெந்த அல்காரிதங்களைப் பயன்படுத்துகிறது என்று எவரும் பார்க்கத்தக்க பதிவேட்டை வெளியிட்டன. 2021 முதல் ஆம்ஸ்டர்டாமின் பொது இடங்களில் உணர்கருவி வைப்போர், அதை நகராட்சியில் பதிவு செய்தாக வேண்டும்.

இதன் பொருளென்ன? ஏடு திரும்பிவிட்டது! அன்று நகராட்சி மக்களைப் பதிந்தது. இன்று நகராட்சியின் கருவிகளும் பதியப்படுகின்றன, மக்கள் படிக்கிறார்கள்.

அதனால் எல்லாம் நலமாகிவிட்டது என்று நாம் முரசறைய வரவில்லை. உதவித்தொகை கேட்போரைப் பாகுபாடின்றிச் சோதிக்கும் அல்காரிதம் ஒன்றைச் செய்துவிடலாம் என்று ஆம்ஸ்டர்டாம் பெரிதும் முயன்றது. உதவித்தொகை பெறுவோரின் சார்பில் பேசும் ஆலோசனை மன்றம் எதிர்த்தது. 2023இல் சோதித்துப் பார்த்தபோது ஒரு பக்கம் ஒடுக்கிய பாகுபாடு மறுபக்கம் முளைத்தது. நகராட்சி அதைக் கைவிட்டது. தோல்வியா? அல்ல. ‘மாட்டேன்’ என்று சொல்லக் கற்ற நகராட்சி, தன் பொறியிடமும் அதைச் சொல்லிற்று.

* * *

“ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு ஏன் அச்சம்?” என்று சிலர் கேட்கிறார்கள். 1936இல் ஆம்ஸ்டர்டாம் யூதனுக்கு ஒளிக்க என்ன இருந்தது? ஒன்றுமில்லை. அவன் மதம் அன்று குற்றமன்று. ஐந்தாண்டில் சட்டம் மாறிற்று, அட்டை மாறவில்லை. நாளை எது குற்றமாகும் என்று இன்றே அறிந்தவர் எவர்?

“ஆள்வோர் நல்லவர்களாயிற்றே” என்பார் சிலர். 1936இல் ஆண்டவர்களும் கெட்டவர்கள் அல்லர். ஆட்சி மாறும், அமைச்சர் மாறுவர், எழுதிவைத்த ஏடு அடுத்தவன் கைக்குப் போகும். நல்லவர் எழுதியதைத் தீயவர் வாசிப்பர் என்று எண்ணியே எழுதவேண்டும்.

“அப்படியானால் ஏடே வேண்டாமா?” — வேண்டும். பள்ளிக்கு, மருத்துவமனைக்கு, உணவுப் பங்கீட்டுக்கு, பின்தள்ளப்பட்டோருக்கு நீதி வழங்குவதற்கு, எண்ணிக்கை வேண்டும். எண்ணாதவன் ஏற்றத்தாழ்வை அளக்க முடியாது. ஆனால், ‘இத்தனை பேர்’ என்று எண்ணுவது வேறு. ‘இன்னார், இந்தத் தெரு, இந்தக் கதவு’ என்று எழுதிவைப்பது வேறு. முன்னது அளவுகோல். பின்னது, காவலின்றி விட்டால், கத்தி.

ஆகவே இளைஞர்களே, நகராட்சி ஒரு புதிய படிவத்தை நீட்டினாலும், ஒரு புதிய செயலியைத் திறந்தாலும், தெருமுனையில் ஒரு காமிராவை நட்டாலும் நாம் நான்கு கேள்விகள் கேட்போம். என்ன எழுதுகிறீர்கள்? எதற்காக எழுதுகிறீர்கள்? எவரெவர் படிப்பர்? எப்போது அழிப்பீர்கள்? இந்த நான்கிற்கும் நேர்மையான விடை வராத கட்டம் ஏட்டில் இடம்பெறக் கூடாது. வார்டுக் கூட்டத்திலே கேட்போம். நகர மன்றத்திலே கேட்போம். தேவையானால் நீதிமன்றத்திலே கேட்போம். சாலைத் தொழிலாளியும் தெருக்கூட்டும் தொழிலாளியும் ஒரு நகரையே எழுப்பினார்கள் என்றால், படித்த இளைஞன் ஒரு கேள்வி எழுப்பக் கூசுவானேன்?

தலையெழுத்தை நம்பியவன் கைகட்டி நின்றான். ஏனெனில் அதை எழுதியதாகச் சொல்லப்பட்டவனை எவனும் கண்டதில்லை. எந்த மன்றத்திலும் நிறுத்த முடியாது. ஏட்டெழுத்து அப்படியல்ல. எழுதியவருக்கு முகவரியுண்டு, எழுதச் சொன்ன மன்றத்துக்கு வாக்காளர் உண்டு. மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம். எழுதக் கூடாததை எழுதாமலே தடுக்கலாம். தடுப்போம்!